நல்ல நேரம் நாலரை முதல் ஆறு

பிளான் போட்டுக் கொடுத்தது நான்தான்.
முப்பதுக்கு நாற்பது, கிழக்குப் பார்த்த மனை,
தென்கிழக்கில் அடுப்பு, வடகிழக்கில் சம்ப்.
நடத்துநர் தணிகாசலம் என் கட்டணத்தைப்
பத்தும் இருபதுமாகவே தந்தார்,
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்து.
நான் எண்ணவில்லை.
அவர் இரண்டு முறை எண்ணினார்.

மூலப்பத்திரத்தில் எல்லை சொல்லுமிடத்தில்
‘மேற்கே கலங்கல் வாய்க்கால்’ என்றிருந்தது.
மேற்கே போய்ப் பார்த்தேன்.
ஒரு ஜிம், ஒரு பிரியாணிக் கடை,
பள்ளிப் பேருந்துகள் மூன்று.
‘இருபதடி சாலை’ என்று எழுதிக்கொண்டேன்.

கார்த்திகை பதினெட்டு பால் காய்ச்சுவதாக முடிவு.
மழை அதற்கு முதல் நாளே தொடங்கி
மேடவாக்கத்தில் பஸ்ஸை நிறுத்தியிருந்தது.
‘நாள் குறிச்சாச்சு, மாத்தக் கூடாது’ என்றாள் அமுலு.

நாலே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது.
நல்ல நேரத்தில்தான்.
போர்ட்டிகோவில் போட்ட கோலத்தைச்
சற்றே சுற்றிப் போய்,
பிறகு மனம் மாறி மொத்தமாக எடுத்துக்கொண்டது.
கூடம், பூஜையறை, அடுப்படி...
நான் வரைந்த வரிசையிலேயே
ஒவ்வோர் அறையாகப் பார்த்தது.
பால் பாக்கெட்டுகள் மிதந்தன,
பொங்காமல்.

மறுநாள் மதியம்
காசிமேட்டிலிருந்து லாரியில் வந்தது ஒரு படகு.
‘தெரு எது, வீடு எது?’ என்றார் மரியநேசன்.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய பதில்.
எல்லாம் ஒரே மட்டமாய் இருந்தது.

எங்கிருந்தோ ஒற்றை விசில்.
படகு நின்றது.
மொட்டைமாடியில் தணிகாசலம், தோள்பையில் பத்திரம்.
அமுலு ஏறினாள், பிள்ளைகள் ஏறினார்கள்,
புரோகிதரும் ஏறினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.
கடைசியாக ஏறியவர்
என்ன நினைத்தாரோ,
இரண்டு விசில் கொடுத்தார்.
யாரும் சிரிக்கவில்லை.

வடிந்தபின் சுவரெல்லாம் ஒரே கோடு.
எந்த மேஸ்திரியின் ரசமட்டமும்
இவ்வளவு நேராக இழுத்ததில்லை.
டேப் வைத்தேன். ஆறடி இரண்டு அங்குலம்.
இந்த முறை நானும் இரண்டு தடவை அளந்தேன்.
‘தளத்த மூணடி தூக்கிடலாமா சார்?’
வங்கித் தவணை இன்னும் நூற்று எழுபத்தொன்று.
‘தூக்கிடலாம்’ என்றேன்.

இரவு புதுத் தாள் விரித்து
கிழக்கு, வடக்கு, தெற்கு எழுதியாயிற்று.
‘மேற்கே’ என்று எழுதிப் பென்சிலை வைத்துவிட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே சொட்டுச் சத்தம்.
எழுந்து போய்ப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டு ஏசி.