மரத்துக்கு இடது பக்கம்

எங்கள் கரையில் மரம் கிடையாது.
அட்லாண்டிக் காற்று
எதையும் முழங்காலுக்கு மேல் வளர விடாது.
சதுப்பு, கல்வேலி, ஆடு, மறுபடி சதுப்பு.
நிமிர்ந்து நிற்பவை மாதா சிலையும் மின்கம்பங்களும்தான்,
அவையும் கொஞ்சம் சாய்ந்து.

படக்காரர்கள் டப்ளினிலிருந்து
லாரியில் ஒரு மரம் கொண்டுவந்தார்கள்.
ஃபைபர் உடம்பு, கம்பி எலும்பு, நாலாயிரம் துணி இலை.
கதாநாயகி காத்திருக்க நிழல் வேண்டுமாம்.
வெயிலே இல்லாத ஊரில்.
மழை விடட்டும் என்று பதினோரு நாள் குந்தியிருந்தார்கள்.
பன்னிரண்டாம் நாள் நாற்பது நிமிடம் வெளிச்சம்.
உலகம் பார்த்த எங்கள் ஊர்
அந்த நாற்பது நிமிடம்தான்.

பிறகு ஜனங்கள் வந்தார்கள், ஒசாகாவிலிருந்து, சாவோ பாலோவிலிருந்து.
என் மினிபஸ்ஸில் ஏற்றிப் போவேன்.
மழைக்கோட்டுக்குள் வெடவெடத்தபடி கேட்பார்கள்,
"இன்றைக்கு மட்டும்தானே இப்படி?"
இன்றைக்கு மட்டும்தான் என்பேன்.
பதினாறு வருஷமாகச் சொல்கிறேன்.

ஒரு அம்மாள் அடிமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.
கன்னத்தில் பழுப்பு பெயின்ட் ஒட்டியது.
அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் குளிர்காலப் புயல் மரத்தைப் பிடுங்கிப்போனது.
பாதி கடலுக்கு,
பாதி பார்ட்லி வீட்டுக் கோழிக்கூண்டின் கூரைக்கு.
நாலு போல்ட்டும் ஒரு சிமென்ட் திட்டும் மிச்சம்.
அதையும் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் தபால்காரி டிம்ஃப்னா இன்றும்
புதியவர்களுக்கு வழி சொல்கிறாள்:
"மரத்துக்கு இடது பக்கம் திரும்பு."
நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்.
போன மாசம் ஆம்புலன்ஸ்கூட
இல்லாத மரத்தில் சரியாகத் திரும்பியது.

என் கதை இன்னும் மோசம்.

அப்பாவின் படகு திரும்பாத அன்று எனக்கு ஒன்பது வயது.
ஈரக் காலுறை.
யாரோ கையில் திணித்த பிஸ்கட், நமுத்துப்போனது.
பாதிரியார் வந்து இறங்கி
சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு
அம்மாவை நோக்கி நடந்தார்.

கல்வேலியில்தான் சாய்த்தார் என்கிறான் அண்ணன் கோல்மன்.
அவன் சொல்வது சரி. எனக்கே தெரியும்,
படம் வர இன்னும் இருபத்தேழு வருஷம் இருந்தது.

இருந்தும் கண்ணை மூடினால்
சைக்கிள் விழாமல் நிற்கிறது.
அதன் மேல் நிழல் அசைகிறது.
இலைகளின் சலசலப்பு அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

துணி இலைக்குச் சத்தம் கிடையாது.
படத்தில் அதைப்
பிறகுதான் சேர்த்தார்கள்.