இத்தீனி

முதல் நாள் வருகைப் பதிவில்
பதினெட்டுப் பேரும் ‘பிரசென்ட் மேடம்’ என்றார்கள்.
பத்தொன்பதாவது நான். வாயில் வந்தது
வீட்டில் சொல்கிற ‘இத்தீனி.’
இருக்கிறேன் என்று அர்த்தம். அவ்வளவுதான்.
‘மாட்டுத் தீனியா, கோழித் தீனியா?’ என்றான்
கடைசி பெஞ்சிலிருந்து திருமால்.
அன்றிலிருந்து என் பெயர் தீனி.
மாதேவி என்பது ஹால் டிக்கெட்டில் மட்டும்.

தேன்கனிக்கோட்டையில் எங்கள் கல்லூரி சின்னது.
ஒளிந்துகொள்ளக் கூட்டம் வேண்டும்,
பத்தொன்பது பேருக்குள் எங்கே ஒளிய?
மதியம் டிபன் பாக்ஸோடு
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன்.
அங்கே ஏற்கெனவே வாட்ச்மேன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு
ஒரு மாதம் சேர்ந்து சாப்பிட்டோம்.

தளிப் பக்கம் ஜனவரி என்றால்
பாலிஹவுஸ் கூரையிலிருந்து பனி சொட்டும்.
பிப்ரவரி பதினாலுக்கு எந்த ஊரிலோ
யாரோ யாருக்கோ கொடுக்கப்போகிற ரோஜாவுக்கு
இங்கே நாங்கள் நாலு மணிக்கு எழுகிறோம்.
காம்பை அளந்து பிரிப்பது என் வேலை:
எழுபது, அறுபது, ஐம்பது.
நாற்பதுக்குக் கீழே போனால் தனி வாளி.
அது விமானம் ஏறாது.
எட்டு மணிக்கு அதே கையோடு பஸ் பிடிப்பேன்,
மகளிருக்குக் கட்டணமில்லை, உட்கார இடமும் இல்லை.

அந்த மாதமேதான் எல்லாம் வரும்.
இன்டர்னல், இரண்டு அசைன்மென்ட்,
மழைக்காடுகள் பற்றி ஒரு செமினார்
(மழையைப் பற்றிக் கேட்டிருந்தால் பேசியிருப்பேன்),
இன்னும் மை தொடாத ஆறு வரைபடங்கள்.
சம உயரக் கோடுகள் விலகியிருந்தால்
நிலம் மெல்லச் சரிகிறது,
நெருங்கியிருந்தால் செங்குத்து என்று நடத்தினார் மேடம்.
என் வாரத்தை யாராவது வரைந்திருந்தால்
திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவே
பென்சில் வைக்க இடமிருந்திருக்காது.

பத்தாம் தேதி லோடு முடிய ஒன்பதாகிவிட்டது.
பஸ் போய்விட்டது.
முதல் பீரியடில் மேடம் என் எண்ணைக் கூப்பிட,
மூன்றாவது வரிசையிலிருந்து ஷமீனா,
ஆறு மாதத்தில் என்னிடம்
ரப்பர் மட்டுமே கேட்டிருந்த ஷமீனா,
குரலை மாற்றி ‘இத்தீனி’ என்றிருக்கிறாள்.
மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு
இரண்டு பேருக்கும் ஆப்சென்ட் போட்டார்.

‘பிரசென்ட்னு சொல்லியிருக்கலாமே?’
‘நீ அப்படிச் சொல்ல மாட்டியே, மாட்டிக்குவேன்ல?’
இரண்டாம் நாளிலிருந்தே நான்
பிரசென்ட்தான் சொல்கிறேன் என்பதை
அவளுக்கு நினைவூட்டவில்லை.
அவள் வீட்டில் உருது.
அந்த ஒரு வார்த்தையைக் கண்ணாடி முன் நின்று
மூன்று நாள் பழகிவிட்டுத்தான்
கல்லூரிக்கே வந்தாளாம்.

முள் குத்திய விரலில் மைப்பேனா நிற்கவில்லை.
லைப்ரரி மூடிய பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து
என் மலைகளை அவள் வரைந்தாள்,
அவள் ஊர்களுக்கு நான் பெயர் எழுதினேன்.
ஒரு ஆறு மட்டும் மேட்டை நோக்கி ஓடியது.
யார் தப்பு என்று இன்னும் முடிவாகவில்லை.
வாட்ச்மேன் விளக்கை அணைக்க வந்து,
என்னைப் பார்த்து, அணைக்காமல் போனார்.

இன்டர்னலில் முப்பத்தெட்டு.
நாற்பதுக்கு இரண்டு குறைவு, தனி வாளி.
ஷமீனா நாற்பத்தொன்று. விமானம் ஏறுவாள் என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். சிரித்தாள்.
பிறகு மறுதேர்வுத் தேதியைப்
பேனாவால் என் உள்ளங்கையில் எழுதினாள்.

மறுநாள் என் எண் வந்தபோது
வேண்டுமென்றேதான் சொன்னேன்: ‘இத்தீனி.’
யாரும் சிரிக்கவில்லை.
பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை,
எல்லோரும் குனிந்து
மூன்றாவது அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.
திருமால் மட்டும் நிமிர்ந்து
‘தீனி, ஸ்கேல் இருக்கா?’ என்றான்.

இருந்தது.