பத்தாம் இரவு, ஆறு நொசில்

முரசுமோட்டையில் உமி எரித்து நெல் அவிக்கிறோம்.
கொதிகலன் புகை முன்பு நேரே வானத்துக்குப் போனது.
வானம் அதை வைத்துக்கொள்ளவில்லை;
றோட்டுக்கு அங்கால் அருள்மலரின் கொடியில் காய்ந்த
வெள்ளைச் சேட்டுகளில் இறக்கிவிட்டது.

அவள் ஒரு சேட்டோடு பிரதேச சபைக்குப் போனாள்.
ஒன்றும் பேசவில்லையாம்.
மேசைக்கு மேலே பிடித்து
ஒருதரம் உதறினாளாம்.

அப்படி வந்தது இந்தக் கோபுரம்.
நாலாள் உயரம், உச்சியில் பன்னிரண்டு நொசில்.
புகையைக் குறுகிய கழுத்தில் நெரித்து
ஓட ஓட உள்ளே விடுவோம்.
மேலிருந்து தூவானம்.
தூசி துளியை முட்டும்,
முட்டியது நனையும், நனைந்தது கனக்கும்,
கனத்தது கீழே.
மாரி சும்மா செய்கிற வேலை,
நாங்கள் கறண்டுக் காசு கட்டிச் செய்கிறோம்.

துளி பெருத்தால் தூசி விலகி ஓடிவிடும்.
சிறுத்தால் துளியே புகையோடு போய்விடும்.
அந்த அளவைப் பிடிக்க
எனக்கு ஒரு போகம் எடுத்தது,
அராவிய சைக்கிள் கம்பியால்
அடைத்த வாய்களைக் குத்திக் குத்தி.

இப்போது புகைபோக்கியில் வெள்ளை. வெறும் ஆவி.
கறுப்பு எங்கே என்று ஆரும் கேட்டதில்லை.
பின்னால் மூன்று தொட்டி:
முதலாவதில் சேறு,
அடுத்ததில் கலங்கல்,
கடைசியில் என் முகம் தெரியும்.
புளித்த நீர் இரும்பைத் தின்னும் என்பதால்
சுண்ணாம்பு கரைத்து ஊற்றித் திரும்ப மேலே ஏற்றுவோம்.
சேற்றை நானும் கிறிசாந்தும் வாளியால் அள்ளுவோம்.
நகக்கண்ணில் மூன்று நாள் இருக்கும்.

ஆவணியில் வாய்க்கால் வெடித்தது.
கிணற்றில் வாளி கல்லில் இடித்தது.
ஆவியாய்ப் போன தண்ணிக்குக் கணக்குப் பார்த்த முதலாளி
மெதுவாய்ச் சொன்னார்:
"இரவில பம்பை நிப்பாட்டு.
இருட்டில ஆர் பாக்கப்போகினம்?"

நிப்பாட்டினேன்.
இதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம் சொன்னேன்.
ஒன்பது இரவு.
கோபுரம் வறண்டு நின்றது,
உள்ளே புகை ஒருவரையும் முட்டாமல் ஏறியது.
நட்சத்திரம் மங்கினதை
மேகம் என்று கிறிசாந்துக்குச் சொன்னேன்.
அவன் மேலே பார்க்கவில்லை.

ஒன்பதாம் காலை வேலை முடிந்து வந்தால்
என் சைக்கிள் காண்டிலில் ஒரு சேட்டு.
சின்னது. ஆறாம் வகுப்பு இருக்கும்.
பொக்கற்றுக்குள்ளும் சாம்பல்.

வீட்டில் பேசினில் தோய்த்தேன்.
கும்மினேன், பிழிந்தேன், திரும்பத் தோய்த்தேன்.
சேட்டு வெளுக்க வெளுக்கத் தண்ணி கறுத்தது.
மூன்று தொட்டி இல்லாத வீட்டில்
அந்த பேசினைப் பிடித்தபடி
எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் நின்றேன்.
கிணற்றடி வாழைக்கு ஊற்றலாம்.
ஊற்றவில்லை.

பத்தாம் இரவு பம்பைப் போட்டேன்.
பன்னிரண்டில் ஆறைத் திறந்தேன்.
கிணற்றுக்குப் பாதி, கொடிக்குப் பாதி.
எனக்கு வந்த கணக்கு அவ்வளவுதான்.
விடியப் பார்த்தேன், ஆவி சாம்பல் நிறமாய்ப் போனது.
அருள்மலர் கொடியில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.