எழுத்துக்கு எட்டணா

அகில இந்தியக் கோப்பை என்று பேர்.
சம்பளம் வாங்காத கால்களுக்கு மட்டும்.
அறுபத்து நாலு கிளப். தோற்றால் அன்றைக்கே ரயில்.
அறுபத்து மூணு பேர் வீடு திரும்பியதுதான்
அதன் சரித்திரம் என்பேன் நான்;
கமிட்டிக்காரர்கள் ஒப்பமாட்டார்கள்.

வியாசர்பாடியிலிருந்து நாங்கள் ஏழு தடவை போனோம்.
ஒரு தடவை எதிரணி வரவில்லை, ஒரு சுற்று ஏறினோம்.
நாக்பூரில் பூட்ஸ் இல்லாமல் இறங்கக்கூடாது என்றார்கள்.
கடன் வாங்கிய பூட்ஸில் பஞ்சடைத்துக்கொண்டு
ஏகவல்லி மகன் தயாளன் ரெண்டு கோல் போட்டான்.
எண்பத்து நாலில் அரையிறுதி. பெனால்டி. ஆறாவது உதை.
டில்லிபாபு வலப்பக்கம் பாய்ந்தான்.
பந்து அங்கே இல்லை.

ஜெயித்தவர் பேர் வெட்ட
கோப்பை வருஷாவருஷம் தங்கசாலைக்கு வரும்,
இங்கே கூலி கம்மி.
பட்டறையில் உளி பிடிப்பவன் டில்லிபாபு.
எங்களை வீழ்த்தி, பிறகு இறுதியிலும் ஜெயித்தவர்களின் பேரை
நாக்கைக் கடித்தபடி வெட்டினான்.
பதினேழு எழுத்து. ஒன்றும் கோணவில்லை.

அன்று ராத்திரி எல்லோரும் பார்க்கப் போனோம்.
யாரும் தொடவில்லை.
தயாளன் மட்டும் மூடியைத் திறந்தான்.
உள்ளே ஒரு செத்த கரப்பான்.

"அடியில எங்கனா நம்ம பேரையும் போட்டியாடா?"

"எழுத்துக்கு எட்டணா.
யாரு குடுப்பா?"

வெள்ளித்தூளை ஊதிவிட்டான்.
வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.
கோப்பையைத் துணியில் சுற்றி,
முழங்கைகளை ஒடுக்கி, முதுகை வளைத்து,
நெஞ்சோடு சேர்த்து
எடுத்துக்கொண்டு போனான்.