இருபத்தெட்டுப் பாகை

குருநகர் நண்டுக் கொம்பனியின் சாப்பாட்டு அறையில்
வாங்குகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு
எட்டுக் கமராக்களைக் கட்டினோம்.
எமில்டாவின் தோளில், முழங்கையில், இடுப்பெலும்பில்
முப்பத்தொன்பது வெள்ளிப் பொட்டுகள்.
"பெருநாள் சுரூபம் மாதிரி நிக்கிறன்" என்றாள்.
மணிக்கட்டுப் பொட்டு ஈரத்தில் இரண்டு தரம் விழுந்தது.
வெறுந்தட்டம் தூக்கக் கை வராதாம்.
பதினொரு கிலோ நண்டோடு கொண்டுவந்தார்கள்.

இரவு, கொக்குவிலில், திரையில்
சாம்பல் உருவமொன்று குனிகிறது.
முகமில்லை. தட்டமுமில்லை.
காற்றைத் தூக்கி நிமிர்ந்து
ஒவ்வொரு முறையும் இடப்பக்கம்
இருபத்தெட்டுப் பாகை முறுகுகிறது.
நாரியில் சிவப்பு.
இது இரைச்சலா, வடிகட்டவா என்கிறது மென்பொருள்.

அவளுக்கே அழைப்பெடுத்தேன்.
"வலப்பக்கம் பவளராணியெல்லோ நிக்கிறவ.
நேர வைச்சா உப்புத்தண்ணி
அவவின்ர காலில ஊத்தும்.
சலரோகப் புண் தம்பி, ஆறாது."
பின்னால் குக்கர் கூவியது.

சாப்பாட்டு அறையில்
அவளுக்கு வலப்பக்கம் எவருமே இருக்கவில்லை.

கோப்பிலிருந்து இன்னொரு பெண்ணுருவை இழுத்து
அந்த இடத்தில் நிறுத்தினேன்.
அசைவு எதுவும் கொடுக்கவில்லை.
எமில்டா பழையபடி குனிந்தாள், தூக்கினாள், திரும்பினாள்.
சிவப்பு சிவப்பாகவே இருந்தது.
வடிகட்டியை மட்டும் நிறுத்திவிட்டேன்.

மேசை உயரம் பற்றிய பந்தியை வெட்டிவிட்டு
அறிக்கையில் எழுதினேன்:
மேசை விளிம்பில் ஒரு பீலி.
பவளராணிக்கு ஒரு சோடி றப்பர்ச் சப்பாத்து.
அளவு தெரியாது,
காலமை போய்க் கேட்கவேணும்.