சுணை

பதினொன்றரைக்கு அணைந்தது.
மறுபடி போட்டேன்.
பன்னிரண்டே காலுக்கு, தராசில் ஒரு லொறி நிற்க,
பில் பாதியில் நிற்க,
அணைந்தது.
"வைரஸ்" என்றார் முதலாளி
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.
அவருக்கு அந்தச் சொல்லில் எல்லாம் அடங்கும்:
நெல் விலை, கறண்ட் பில், இளைய மருமகன்.

வெள்ளிக்கிழமை மில் ஓடாது.
திறப்பை வாங்கி வந்தேன்.
சம்மாந்துறையில் கச்சான் தொடங்கி இருபது நாள்;
வீதியின் காய்ந்த களியும்
மில்லின் தவிடும்
ஒன்றையொன்று சுகம் விசாரித்து
யன்னல் இடுக்கில் சந்திக்கும் மாதம்.

வயரைக் கழற்று.
கழற்றிய பிறகும் பட்டனை ஒருதரம் அமுக்கு,
உள்ளே ஒளிந்திருக்கும் மிச்சக் கறண்ட்
கையை உதறிவிட்டுப் போகட்டும்.
கல்முனையில் படித்த ஆறு மாதக் கோர்ஸில்
மனதில் நின்றது இவ்வளவுதான்.
மீதி சேர்ட்டிபிகேட்டில் இருக்கிறது.

நான்கு திருகாணி.
மூன்றுதான் இருந்தன.

பக்கத் தகடு கழன்று வந்தபோது
தூசு இருக்குமென்று நினைத்தேன்,
வயல் இருந்தது.
காற்றாடியின் ஏழு இதழிலும்
பூனைமயிர் போல ஒரு போர்வை,
அடியில் பழுப்பு, மேலே வெளிறல்,
பெரும்போகம், சின்னப்போகம், மறுகா பெரும்போகம்
என்று நகத்தால் எண்ணலாம்.
மதர்போர்ட் மூலையில்
முளைக்கப் பார்த்துத் தோற்ற ஒரு நெல்.
இரண்டு பல்லி முட்டை, ஒன்று வெறுங்கோது.
ஒரு பல்லியை அடைகாத்த சூட்டில்தான்
நான் இத்தனை நாளும் சம்பளச் சீட்டு அடித்திருக்கிறேன்.

ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ், புதுசு.
தும்மாமல் கூட்ட வேண்டும்; தும்மினேன்.
சைக்கிள் பம்பால் ஊதும்போது
காற்றாடியை ஒரு விரல் பிடித்திருக்க வேண்டும்,
சும்மா சுற்ற விட்டால் தன் பலகையைத் தானே சுடும்.
சிப்பின் தலையில் பசை காய்ந்து கிடந்தது
வெற்றிலைக்காரியின் விரலில் சுண்ணாம்பு போல.
சுரண்டினேன். ஒரு அரிசியளவு புதுப்பசை வைத்தேன்.
கழுத்தெல்லாம் கடித்தது.
நெல் போனாலும் சுணை போகாது.

விட்டுப்போன துவாயைத் தேடி
இஸ்மாலெவ்வை வந்தார், மூட்டை தூக்குகிறவர்.
பேப்பரில் நான் குவித்து வைத்ததைக்
குனிந்து பார்த்தார்.
"இவ்வளவும் இதுக்குள்ளயா புள்ள கிடந்த?"
"மூணு வருசத்து."
"பாவம்கா" என்றார் பெட்டியைப் பார்த்து.
பிறகு இருமினார்.

மில் ஓடும்போது
அந்த இருமல் எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.
அன்று தகரக் கூரை வரை போய்
இரண்டு தரம் திரும்பி வந்தது.
துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
ஜும்ஆவுக்குப் போய்விட்டார்.
உதறிய இடத்தில், வெயில் கோட்டில்,
பொன்னாகக் கொஞ்ச நேரம் நின்றது,
நான் கூட்டியதே.

பெட்டியை இரண்டு கல் உயரத்தில் ஏற்றினேன்,
சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி.
காற்று நுழையும் வாய்க்கு
மெல்லிய வலைத்துணி வெட்டி ஒட்டினேன்,
பதினைந்து நாளுக்கொருமுறை கழற்றிக் கழுவலாம்.

சனிக்கிழமை வவுச்சர் எழுதினேன்:
பசை 1. பிரஷ் 1.
வடிதுணி 9.
முதலாளி பேனையைத் திறந்து
அந்த வரியில் நின்றார்.
"கொம்பியூட்டரில ஒம்பது ஓட்டையா?"
"ஓம்" என்றேன். "எட்டு, கொஞ்சம் பெரிசு."
லொறி ஹோர்ன் அடித்தது. கையெழுத்து விழுந்தது.

பன்னிரண்டே கால் தாண்டியும் ஓடுகிறது.
பில் முழுசாக வருகிறது.
எட்டுப் பேரில் ஐந்து பேர் மூக்கில் கட்டியிருக்கிறார்கள்,
இரண்டு பேர் சாரன் மடிப்பில் வைத்திருக்கிறார்கள்.
இஸ்மாலெவ்வை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டிருக்கிறார்,
வேர்க்குதாம்.

நான் தும்முகிறேன்.
பத்து என்று எழுதியிருக்கலாம்.