அந்த ஒரு வாரம்

ஜனவரி வெக்கையிலும் முழுக்கைச் சட்டை.
சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் வரை
சலாட்சி மினிபஸ் ஜன்னலைத் திறக்கவே இல்லை.

டாக்டர் ம்கீஸே எங்கள் முகங்களை
மாறி மாறிப் பார்த்தாள்.
ஆறாவது குரோமோசோமில் அந்த வரி
இருவருக்கும் ஒரே கையெழுத்தில்தான்
எழுதியிருக்கும், என்றாள்.

"அப்புறம் எனக்கு ஏன் வரலை?"
கேட்டது சலாட்சி இல்லை,
நான்.

ஒன்பது வயதில் அவளுக்குத் தொண்டை வீங்கியது.
எனக்கும் வீங்கியிருக்கும்.
அந்த வாரம் நான் டொங்காட்டில், சித்தி வீட்டில்,
கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.

தொண்டை ஆறியது. பிறகு முழங்கை,
பிறகு முழங்கால், பிறகு வகிடு.
கல்யாணப் பேச்சு வந்தபோது
பையன் வீட்டார் என்னைக் கேட்டார்கள்.
இரண்டும் ஒரே பெண்தானே என்று
அப்பா சொல்லிப் பார்த்தார்.

ராத்திரி அவள் படுக்கையை நான்தான் உதறுகிறேன்.
விரிப்பிலிருந்து செதில் பறந்து
என் மூக்கில் ஏறுகிறது.
அதில் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினால்
என் பெயரையும் சொல்லும்.

விளக்கணைத்த பின் இருமல் வருகிறது எனக்கு.
வெறும் தூசிதான்.
எதிர்க் கட்டிலில்
சலாட்சி எழுந்து உட்காருகிறாள்.